அரியாங்குப்பம் ஆற்றுப் படகுப் பயணம்: ரோமாபுரி கூடுதல், பட்டறை குறைவு

புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பம் ஆற்றில் தனியார் நடத்தும் சிறு மோட்டார் படகுகளில் ஒன்றில், அலையாத்திக் காட்டையும், பழங்காலத் துறைமுக ஊர் புதைந்து கிடக்கும் அரிக்கமேட்டையும் காட்டுவதாகச் சொல்லி, ஏறத்தாழ ஒரு மணி நேரம் அழைத்துச் செல்கிறார்கள். ஆளுக்கு 300 ரூபாய் வாங்குகிறார்கள். படகு நன்றாக இருக்கிறது, ஓட்டுபவர் அதைவிட நன்றாக ஓட்டுகிறார், ஆற்றைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வழிநெடுக ஒலிபெருக்கியில் சொல்லப்படும் வரலாறு மட்டும் பாதிக்கு மேல் திருத்தப்பட வேண்டியது. அங்கே இதே போன்ற படகுகள் வேறு சிலவும் ஓடுகின்றன என்பதாலும், நான் சொல்லப்போகும் குறை ஏறத்தாழ எல்லாருக்கும் பொதுவானது என்பதாலும், இந்தப் படகுக்காரர் யார் என்பதை இங்கே குறிப்பிடவில்லை.

முதலில் ஆற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செஞ்சிப் பக்கத்துக் குன்றுகளில் தோன்றி, வீடூர் அணையைக் கடந்து, வில்லியனூர் வழியாக வரும் சங்கராபரணி, கடலை நெருங்கும்போது இரண்டாகப் பிரிகிறது. தெற்கே போகும் கிளை சுண்ணாம்பாறு. நோணாங்குப்பத்தில் அரசுப் படகுத்துறை இருப்பதால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தது அதுதான். வடக்கே போகும் கிளை அரியாங்குப்பம் ஆறு. முருங்கப்பாக்கத்துக்கும் அரியாங்குப்பத்துக்கும் நடுவே கடலூர் சாலைப் பாலத்தின் அடியில் நுழைந்து, காக்காயந்தோப்பை ஒட்டி வளைந்து, தேங்காய்த்திட்டுக்கும் வீராம்பட்டினத்துக்கும் இடையே கடலில் சேர்கிறது. கடலூரிலிருந்து பேருந்தில் வருபவர்களுக்கு இது பாலத்தின் மேல் சில நொடிகளில் முடிந்துவிடும் ஆறு. அகலத்தில் கெடிலத்தோடுகூடப் போட்டியிட முடியாது. ஆனால் தமிழ்நாட்டுக் கடற்கரையின் பழந்தொழில்களைப் பற்றி எழுதுபவர்கள் இந்தச் சிற்றாற்றைத் தவிர்த்துவிட்டு எழுத முடிவதில்லை.

படகில் சுமார் பத்துப் பேர் உட்காரலாம். லைஃப் ஜாக்கெட் அனைவருக்கும் கொடுக்கப்படுகிறது. சிறுவர்களுக்கான அளவும் இருக்கிறது. கட்டாமல் கையில் வைத்திருந்தால் படகு கிளம்புவதில்லை என்பதை மெச்ச வேண்டும். அவுட்போர்டு இன்ஜின் சத்தம் அதிகம்தான் என்றாலும், அலையாத்திக் காட்டின் குறுகிய கால்வாய்க்குள் நுழையும்போது அதை அணைத்துவிட்டுக் கழியால் ஊன்றித் தள்ளுகிறார்கள். பயணத்தின் மிகச் சிறந்த பகுதி அந்தப் பதினைந்து நிமிடங்கள். வெண்கண்டலின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து விரல் விரலாக நிமிர்ந்து நிற்கின்றன. அவற்றின் நடுவே சிறு நண்டுகள் வளைக்குள் ஓடி ஒளிகின்றன. நீர்க்காகம் சிறகை விரித்து வெயிலில் காய வைத்துக்கொண்டிருக்கிறது. ஓரிடத்தில் கரையோர வாய்க்காலிலிருந்து சாக்கடை நாற்றம் வருகிறது. அதையும் எழுதத்தான் வேண்டும், மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துவிடும் தூரம்தான்.

காட்டை விட்டு வெளியே வந்ததும் இன்ஜின் மீண்டும் முடுக்கப்பட, ஒலிபெருக்கி தொடங்குகிறது. வழிகாட்டி இளைஞர் உற்சாகமானவர், குரலும் கணீரென்று இருக்கிறது. அவர் சொல்லும் கதையின் சுருக்கம் இது: இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமானியர் கப்பலில் வந்து இங்கே ஒரு நகரம் கட்டினார்கள், மது குடித்தார்கள், அகஸ்டஸ் மன்னனின் உருவம் பொறித்த கல் கிடைத்தது, பிறகு போய்விட்டார்கள், ஊர் அழிந்துவிட்டது. வலக்கைப் பக்கம் தென்னையும் மாவும் அடர்ந்த மேட்டுக் கரை தெரியும்போது, "இதான் சார் ரோமன் சிட்டி" என்று கையை நீட்டுகிறார். பயணிகள் கைப்பேசியை உயர்த்துகிறார்கள், கரையில் படம் எடுக்க ஒன்றுமில்லாததால் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

வழிகாட்டியை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. இந்தக் கதைக்கு நல்ல வம்சாவளி உண்டு. 1937 வாக்கில் புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய், ஊர்ச் சிறுவர்கள் பொறுக்கிக் கொண்டுவந்த மணிகளையும் கற்களையும் பார்த்து இந்த இடத்தின் மேல் கவனம் கொண்டார். அகஸ்டஸ் தலை பொறித்த கல்லைப் பற்றிய செய்தி அவரிடமிருந்து வந்ததே. 1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்ற மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடியின் துண்டு ஒன்றைக் கண்டு, அது வந்த இடத்தைத் தேடிப் புதுச்சேரிக்கு வந்து, இத்தாலியில் செய்யப்பட்ட சிவப்பு மெருகுக் கலத்தின் ஓடுகளை அங்கே கண்டார். புதுச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் அவர்களுடைய இசைவோடு 1945இல் அகழாய்வு நடந்தது. அந்தச் சிவப்புக் கலம் எந்தக் காலத்தில் செய்யப்பட்டது என்பது இத்தாலியில் ஏற்கெனவே கணிக்கப்பட்டிருந்தது. ஆகவே அதோடு சேர்ந்து கிடைத்த உள்ளூர்ப் பானை ஓடுகளுக்கும் காலம் குறிக்க முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்குக் கிடைத்த முதல் உறுதியான காலப் பிடிமானங்களுள் அது ஒன்று. வீலரின் கண் ரோமாபுரி மேல் இருந்ததற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை மறந்துவிட்டு முடிவை மட்டும் எண்பது ஆண்டுகளாக ஒலிபெருக்கியில் திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பதற்கு அவர் பொறுப்பாக முடியாது.

ஏனென்றால் பின்னர் வந்தவர்கள் படத்தை மாற்றிவிட்டார்கள். 1947 முதல் 1950 வரை பிரெஞ்சுத் தொல்லியலாளர் ழான் மரி கசால் தோண்டினார். 1989 முதல் 1992 வரை தொல்லியலாளர் விமலா பெக்லியின் குழு தோண்டியது. ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே இங்கே மக்கள் குடியிருந்தார்கள். அது நின்ற பிறகும் குடியிருந்தார்கள். சோழர் காசும் சீனத்துப் பீங்கானும் கிடைக்கும் அளவுக்குப் பிற்காலம் வரை இந்தக் கரை பயன்பட்டிருக்கிறது. உள்ளடியில் பல்சக்கரத்தால் வட்ட வட்டமாகப் புள்ளிக்கோடு ஓட்டிய வழவழப்பான கருஞ்சாம்பல் தட்டுகளை வீலர் மேற்கத்தியத் தொடர்புக்குச் சான்றாகக் கொண்டார். பின்னாளில் மண்ணைப் பகுத்தாய்ந்தவர்கள் அவை இந்தியத் துணைக்கண்டத்திலேயே செய்யப்பட்டவை என்று காட்டினார்கள். தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் பெயர் கீறிய மண்கல ஓடுகளும் இங்கே கிடைத்தன. வந்துபோன வணிகர்களைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் எதை வாங்க வந்தார்கள், அதைச் செய்தவர்கள் யார், எப்படிச் செய்தார்கள் என்பதற்கு அந்த ஒரு மணி நேரத்தில் இரண்டே வாக்கியம் ஒதுக்கப்படுகிறது என்பதுதான் என் குறை.

அந்த இரண்டு வாக்கியத்தில் ஒன்று, "இங்க பாசிமணி செஞ்சாங்க" என்பது. இதை விரித்துச் சொல்லியிருந்தால் படகில் இருந்த குழந்தைகள்கூடக் கேட்டிருப்பார்கள். அரிக்கமேட்டின் கண்ணாடி மணிகள் மிகச் சிறியவை; பல கடுகுக்கும் கேழ்வரகுக்கும் சற்றே பெரியவை. ஒவ்வொன்றாக உருட்டிச் செய்தால் கட்டுப்படியாகாத அளவு. ஆகவே அவற்றைக் குழலாக இழுத்தார்கள். உருகிய கண்ணாடியை இரும்புக் குழாயின் முனையில் பெரிய கூம்பாகத் திரட்டி, அதன் நடுவே துளை விழும்படி செய்து, உலையின் வாயிலிருந்து கொக்கியால் பிடித்து நீளமாக இழுத்துக்கொண்டே போவார்கள். இழுக்க இழுக்கக் குழல் மெலிந்துகொண்டே வரும், உள்ளே உள்ள துளையும் கூடவே மெலிந்து வரும். குளிர்ந்த குழலைக் கத்தி விளிம்பில் வைத்துத் துண்டு துண்டாக நறுக்கி, துளை அடைபடாமல் இருக்கச் சாம்பலில் புரட்டி, சட்டியில் இட்டுச் சூடாக்கிக் கிளறினால் வெட்டிய கூர்மை மழுங்கி மணியாகிவிடும். இதே முறையில் ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலத்திலும் மணி செய்திருக்கிறார்கள். அரிக்கமேட்டின் பழைய முறை எது என்று ஆய்வாளர்கள் புரிந்துகொண்டதற்கு அந்த ஊர்த் தொழிலாளரின் கைவேலை பெரிதும் உதவியது. மணியைக் கூர்ந்து பார்த்தால் கண்ணாடியில் உள்ள நுண்ணிய கோடுகளும் காற்றுக்குமிழிகளும் துளைக்கு இணையாக நீண்டிருக்கும். இழுத்துச் செய்த மணிக்கு அடையாளம் அதுதான்.

மணி ஆராய்ச்சியில் வாழ்நாளைச் செலவிட்ட பீட்டர் பிரான்சிஸ் இவ்வகைக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயர் வைத்தார். இலங்கையின் மாந்தையிலும், தாய்லாந்தின் குளோங் தோமிலும், வியட்நாமின் ஒக் ஏயோவிலும் இவ்வகை மணிகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. அங்கெல்லாம் மணி செய்யும் வேலையும் நடந்திருக்கிறது. இந்தத் தொழிலின் மிகப் பழைய பெரிய மையமாக அவர் கருதியது அரிக்கமேட்டை. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், நீலம், பச்சை, கறுப்பு என்று ஒற்றை நிற மணிகள், கோத்துச் சரமாகவோ கொட்டி மூட்டையாகவோ, இந்தச் சின்னக் கழிமுகத்திலிருந்து கிழக்கே போயிருக்கின்றன. மேற்கே போனதைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். கிழக்கே போனது தொழில்நுட்பமாகவே போய் வேரூன்றிவிட்டது என்பது என் கணக்கில் அதைவிடப் பெரிய செய்தி. படகில் அதற்கு ஒரு சொல்லும் இல்லை.

கல்மணித் தொழிலும் இதே கரையில் நடந்தது. சூதுபவளம், அகேட், செவ்வந்திக்கல், படிகம் ஆகியவற்றில் முழுதாக முடிந்த மணிகள் மட்டும் கிடைத்திருந்தால் அவை வெளியிலிருந்து வந்தவை என்று சொல்லிவிடலாம். இங்கே கிடைத்தவற்றில் உடைத்த சில்லும், பாதி தட்டி உருக்கொடுத்துவிட்டு விட்டுவிட்ட கல்லும், தேய்த்தும் துளையிடாத கல்லும் உண்டு. இத்தகைய குப்பைதான் பட்டறைக்குச் சாட்சி. புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருட்கள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. மதுச்சாடியின் முன் நின்றுவிட்டு நகர்ந்துவிடாமல் மணிகள் இருக்கும் பெட்டியின் முன் பொறுமையாக நிற்பவர்களுக்கு, கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்தே பல விஷயங்கள் தெரியும். மெருகேறிய மணியில் துளை சரியாக நடுவில் இருக்கும். முடியாத கல்லில் கொத்திய தடம் அம்மித் தழும்பு போலச் சொரசொரவென்று இருக்கும்.

இரண்டாவது வாக்கியம் சாயத்தொட்டியைப் பற்றியது. மேட்டின் தென்பகுதியில், சுற்றுச்சுவர் வைத்த முற்றங்களுக்குள் கவனமாகக் கட்டிய செங்கல் தொட்டிகளையும் அவற்றோடு சேர்ந்த வடிகால்களையும் வீலர் கண்டெடுத்தார். மெல்லிய பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றும் வேலை அங்கே நடந்திருக்கலாம் என்று கருதினார். உறையூர் அகழாய்விலும் சாயத்தொட்டி என்று கருதப்படும் அமைப்பு பின்னாளில் கிடைத்தது. வடபகுதியில், ஆற்றை ஒட்டியே, சுமார் 45 மீட்டர் நீளமுள்ள ஒரு கட்டடம் இருந்தது. அதைச் சரக்குக் கிடங்கு என்று வீலர் கொண்டார். கிடங்கு ஆற்றோரம், தொட்டி சற்றுத் தள்ளி. இந்த அமைப்பைப் படகில் இருந்தபடியே கையால் காட்டிச் சொல்ல முடியும். மேடு முழுவதும் வலக்கைப் பக்கம் நீள்கிறது. எங்கே சரக்கு இறங்கியிருக்கும், எங்கே வேலை நடந்திருக்கும் என்று ஓர் எளிய வரைபடத்தைப் பயணிகள் கையில் கொடுத்தாலே போதும்.

வழிகாட்டி சொன்னது வேறு. "இந்த ஆத்துத் தண்ணியிலதான் சார் சாயம் போட்டாங்க" என்றார். இது உப்பும் நன்னீரும் கலந்து கிடக்கும் கழிமுகம். மழைக்காலத்தில் மேலிருந்து வெள்ளம் வரும்போது தவிர, மற்ற மாதங்களில் ஓதத்தோடு கடல்நீர் ஏறி இறங்குகிறது. சாயக்காரருக்கு உப்பு நீர் ஒத்துவராது. அவுரி நீலத்துக்கும் சரி, சாயவேர்ச் சிவப்புக்கும் சரி, துணியைத் திரும்பத் திரும்ப அலசுவதற்கு நல்ல தண்ணீர் வேண்டும். கிணற்று நீரைத்தான் நம்பியிருக்க வேண்டும் என்று எண்ணுகிறேன். அப்படியானால் ஆறு எதற்கு? அதற்கான விடை படகில் உட்கார்ந்திருப்பவரின் கண்முன்னே இருந்தும் யாரும் சுட்டிக்காட்டாதது எனக்கு வியப்பு.

சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகம் என்று சொல்லத்தக்கது அரிது. கரை நேர்க்கோடாக மணலாகக் கிடக்கிறது. அலை கரையிலேயே உடைகிறது. பிரெஞ்சுக்காரர் காலத்திலும் பெரிய கப்பல்கள் புதுச்சேரிக்கு எதிரே கடலில் நங்கூரமிட்டு நிற்க, பலகையைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகள்தான் அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தன. அத்தகைய கரையில் ஒரு சிற்றாறு வளைந்து நெளிந்து கடலில் சேர்கிறது என்றால், அதன் வாய்க்குள் நுழைந்த படகுக்கு அலை இல்லை, காற்று இல்லை. மணல்திட்டு முன்னால் மறைக்கிறது. வளைவுக்கு உட்புறம் நீர் அசையாமல் நிற்கிறது. மேட்டுக் கரை இருப்பதால் வெள்ளத்துக்கும் அவ்வளவாக அஞ்ச வேண்டியதில்லை. உள்நாட்டிலிருந்து பஞ்சோ கல்லோ விறகோ ஆற்று வழியாக வரலாம். ஓதம் ஏறும்போது உள்ளே, வற்றும்போது வெளியே. பட்டறைக்கு வேண்டியது அந்தப் போக்குவரத்து. கிரேக்கக் கடல்வழிக் குறிப்பேடான பெரிப்ளஸ் சொல்லும் பொதுகே என்ற துறை இதுதான் என்று அறிஞர்கள் பெரும்பாலோர் கொள்வதற்கும் இந்த இடத்தின் அமைப்பு ஒரு காரணம்.

இந்தப் பாடத்தை இன்றைக்கும் ஆறு நடத்திக்கொண்டிருக்கிறது. முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொள்வதும், தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் படகுகள் வந்துபோக வழியில்லாமல் மீனவர்கள் தூர்வாரச் சொல்லிக் கேட்பதும் புதுச்சேரிக்காரர்களுக்குப் பழகிய செய்தி. படகு முகத்துவாரத்தை நெருங்கியதும் ஓட்டுபவர், வீராம்பட்டினத்துக்காரர், வேகத்தைக் குறைத்து வடக்கோரமாக ஒதுங்கிப் போனார். ஏன் என்று கேட்டேன்.

"நடுவுல மணல் மேடு ஏறியிருக்கு சார். தண்ணி வத்துற நேரம் வேற. தெரியாதவன் நேரா போனான்னா காத்தாடி மணல்ல மாட்டிக்கும்."

"போன வருஷமும் இங்கதானா அண்ணே மேடு?"

"எங்க சார், மழைக்கு மழை இடம் மாறுது. பாத்துப் பாத்துத்தான் போவணும்."

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் சரக்குப் படகைக் கொண்டுவந்தவனும் இதே கவலையோடுதான் வந்திருப்பான். அந்த உரையாடல் ஒலிபெருக்கியில் வரவில்லை; நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்ததால் கிடைத்தது. அவர் இன்னொன்றும் சொன்னார். அவருடைய தந்தை ரோடியர் மில்லில் நூற்புப் பகுதியில் இருந்தவராம். முதலியார்பேட்டையில் 1898இல் தொடங்கி, பின்னர் ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் ஆகி, 2020இல் மூடப்பட்ட ஆலை அது. இந்த ஆற்றங்கரையிலிருந்து பார்த்தால் கூப்பிடு தொலைவு. அதற்கும் முன்னால், அவுரி நீலத்தில் தோய்த்த கினே துணி புதுச்சேரியிலிருந்து ஆப்பிரிக்காவின் செனகல் வரை போயிற்று. அங்கே வேலம்பிசின் வாங்க அந்த நீலத்துணியைத்தான் பிரெஞ்சு வணிகர்கள் விலையாகக் கொடுத்தார்கள். தென்னார்க்காட்டு வயல்களில் அவுரி விளைந்த காலம் அது. தொட்டியிலிருந்து ஆலை வரை, நடுவே நூற்றாண்டுகள் இடைவெளி விட்டாலும், துணியும் சாயமும் இந்தச் சுற்றுவட்டாரத்தை விட்டுப் போகவில்லை. அரிக்கமேட்டுச் சாயக்காரனின் நேர் வாரிசு ரோடியர் மில் தொழிலாளி என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் இன்னொரு ஒலிபெருக்கிக் கதையாகிவிடும். ஆனால் ஓட்டுபவரையே பேசவிட்டிருந்தால் பயணிகளுக்கு இந்த ஊரைப் பற்றிக் கிடைத்திருக்கக்கூடியது அகஸ்டஸைவிட அதிகம்.

கரையில் இறக்கிவிடுவதில்லை என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது. படகைக் கரைக்குப் பக்கத்தில் சிறிது நேரம் நிறுத்துகிறார்கள். நீர் அரித்த இடங்களில் பானை ஓட்டின் விளிம்பு மண்ணில் துருத்திக்கொண்டிருப்பதைக் கூர்ந்து பார்த்தால் காணலாம். மேட்டுக்குப் போக விரும்புபவர்கள் காக்காயந்தோப்பு வழியாகச் சாலையில்தான் போக வேண்டும். தோண்டிய குழிகள் எல்லாம் மூடப்பட்டுவிட்டதால் அங்கே தோப்பும், 18ஆம் நூற்றாண்டில் கட்டிக் கைவிடப்பட்ட கிறித்தவக் குருமடத்தின் இடிந்த செங்கல் சுவர்களும்தான் இருக்கும். அந்தச் சுவரை ரோமானியருடையது என்று படமெடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. பழைய கட்டடங்களின் செங்கல்லைப் பிற்காலத்தவர் பெயர்த்தெடுத்துக்கொண்டு போனதும் இங்கே நடந்திருக்கிறது. 1769இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வந்து, அன்று காலை மேகம் மூடியதால் பார்க்க முடியாமல் போன பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தீல், இந்த ஆற்றங்கரையில் தெரிந்த பழஞ்சுவர்களைப் பற்றி எழுதிவைத்துவிட்டுப் போனார். வானத்தில் தவறவிட்டவருக்குத் தரையிலாவது ஒன்று கிடைத்தது. அவர் கண்ட அளவுகூட இப்போது கண்ணுக்கு அகப்படாது.

இன்னொரு செய்தியைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மழை பெய்து ஓய்ந்த நாட்களில் மேட்டில் மணி பொறுக்குவதும், பொறுக்கியதை விற்பதும் பல காலமாக நடந்துவருகிறது. அரிக்கமேடு பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடம். அங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது. நான் போன படகில் யாரும் மணி விற்கவில்லை. ஆனால் வழிகாட்டி, "இப்பவும் மழை பேஞ்சா பாசி கெடைக்கும் சார்" என்று சொன்ன விதம், போய்ப் பொறுக்கிக்கொள்ளுங்கள் என்பது போல இருந்தது. பயணிகளில் ஒருவர் உடனே எந்தப் பக்கம் போக வேண்டும் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். எந்த மண் அடுக்கிலிருந்து வந்தது என்று தெரியாமல் சட்டைப்பையில் போன மணியால் ஆய்வாளருக்குப் பயனில்லை. இந்த ஒரு வாக்கியத்தை நிறுவனம் உடனே மாற்ற வேண்டும். அதற்குச் செலவு எதுவும் இல்லை.

இந்தப் படகை விட்டுவிட்டுச் சுண்ணாம்பாறு போகலாமா என்று கேட்பவர்களுக்கு: அது வேறு நோக்கத்துக்கானது. அங்கே படகு பெரியது, போய்ச் சேரும் கடற்கரை அழகானது, குழந்தைகளுக்கு விளையாட்டு இருக்கிறது. கூட்டமும் இருக்கிறது. அரியாங்குப்பம் ஆற்றில் கடற்கரைக் கேளிக்கை எதுவும் இல்லை. பழைய பட்டறை ஒன்று எப்படி ஓர் ஆற்றின் முழங்கை வளைவில் போய் உட்கார்ந்துகொண்டது என்பதைத் தண்ணீர் மட்டத்திலிருந்து பார்க்க விரும்புபவர்களுக்குத்தான் இது. அந்த விருப்பம் உள்ளவர்கள் விளக்கவுரை சரியில்லை என்பதற்காகத் தவறவிட வேண்டாம்.

போகிறவர்கள் முதலில் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுப் போவது மேல். பாரதி பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, திங்கட்கிழமை திறப்பதில்லை. மணிகளையும் ஓடுகளையும் கண்ணால் பார்த்த பிறகு ஆற்றில் போனால், ஒலிபெருக்கி என்ன சொன்னாலும் கரை தானாகப் பேசும். படகுக்குப் பதிவு செய்ய அழைக்கும்போது, எத்தனை மணிக்கு வரலாம் என்று கேட்காமல், ஓதம் ஏறும் நேரம் எது என்று கேளுங்கள். நீர் வற்றியிருந்தால் அலையாத்திக் கால்வாய்க்குள் படகு நுழையாது. அந்தப் பகுதியை விட்டுவிட்டு முகத்துவாரம் வரை போய்த் திரும்பிவிடுவார்கள், கட்டணம் மட்டும் குறையாது. மாலை நேரத்தில் கூட்டம் அதிகம் என்பதால் ஒலிபெருக்கியும் அதிகம். காலை ஏழு மணிப் படகில் பெரும்பாலும் அதைப் போடுவதில்லை, ஓட்டுபவர் பேசுவது காதில் விழும். ஆடி மாதத்தில் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேரோட்டம் நடக்கும் வெள்ளிக்கிழமையில் அந்தப் பக்கச் சாலைகள் நெரிசலாக இருக்கும், அன்றைக்குப் பதிவு செய்யாதிருப்பது நலம்.

300 ரூபாய் அதிகமில்லை. வரைபடம் ஒன்றும், மணி செய்யும் முறையைக் காட்டும் நான்கு படங்களும், ஓட்டுபவர் பேசுவதற்குப் பத்து நிமிடமும் சேர்த்துக்கொண்டால் 500 கொடுக்கவும் நான் தயங்க மாட்டேன். பணத்தைக் கைப்பேசி வழியாகவும் வாங்கிக்கொள்கிறார்கள், கேட்டால் ரசீது தருகிறார்கள். படகுத்துறையில் நிழலுக்கு ஒரு தகரக் கொட்டகை உண்டு; கழிப்பறை கிடையாது, பாலத்துக்குப் போகும் வழியில் உள்ள உணவகத்தில்தான் கேட்டுப் போக வேண்டும்.